அரளியை விட அந்தப் பூங்கொத்துதான் எனக்குப் பயம்

கேள்வி: காட்பாடியில் தனி வீட்டில் இருக்கிறோம். வாசலில் செவ்வரளி, மஞ்சள் அரளி, நித்தியகல்யாணி, சாமந்தி, குண்டுமல்லி, வேலியோரம் வெள்ளை ஸ்பைடர் லில்லி என்று என் மாமியார் பூஜைக்காகப் பல வருடமாக வளர்த்து வரும் செடிகள். நாங்கள் எடுத்து வளர்க்கும் சின்னி என்ற பெண் பூனைக்கு இப்போது ஏழு மாதம். போன வாரம் ஸ்பைடர் லில்லி இலையைக் கடித்துவிட்டு இரண்டு முறை வாந்தி எடுத்தது. மறுநாளே சரியாகிவிட்டது. பூச்செடி எல்லாமே பூனைக்கு விஷம், பிடுங்கிப் போடுங்கள் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. "எதைத் தின்னணும்னு பூனைக்குத் தெரியாதா? தெருவில எத்தனை பூனை சுத்துது" என்கிறார் மாமியார். சின்னிக்குக் குறும்பு அதிகம். போன மாதம் என் கணவர் பிறந்தநாளுக்கு வந்த பூங்கொத்தை ஹாலில் ஜாடியில் வைத்தால், அந்தத் தண்ணீரைக்கூட நக்கிக் குடிக்கப் போகும். எதை எடுக்க வேண்டும், எதை விடலாம் டாக்டர்?

பதில்: வணக்கம் அம்மா. நீங்கள் கேட்டது வாசல் செடிகளைப் பற்றி. என்னைப் பதற வைத்தது கடைசியில் போகிற போக்கில் எழுதிய அந்தப் பூங்கொத்து. அதில் என்னென்ன பூ இருந்தது? போட்டோ எடுத்திருந்தால் ஒருமுறை பாருங்கள். கை அகலத்துக்கு வெள்ளையோ இளஞ்சிவப்போ, ஆறு இதழ், இதழ் நுனி பின்னால் வளைந்திருக்கும், நடுவில் ஆறு கம்பி நீட்டிக்கொண்டு, அதன் நுனியில் காப்பிப்பொடி நிறத்தில் மகரந்தம். சட்டையில் பட்டால் சோப்புப் போட்டாலும் லேசில் போகாத கறை. இப்படி ஒரு பூ இருந்திருந்தால் அதுதான் அசல் லில்லி. பூக்கடைக்காரர்கள் ஓரியன்டல், ஏசியாட்டிக் என்று சொல்வார்கள். நீலகிரியில் பசுமைக்குடில் போட்டு வளர்க்கிறார்கள். ஒரு காலத்தில் பெரிய ஓட்டல் வரவேற்பறையில் மட்டும் பார்த்த பூ இன்று நம் ஊர்ப் பூங்கொத்துக் கடையிலும் கிடைக்கிறது. கல்யாண ரிசப்ஷன், ஆஸ்பத்திரியில் ஆள் பார்க்கப் போவது, பிறந்தநாள் எல்லாவற்றுக்கும் இதைச் செருகிக் கொடுக்கிறார்கள்.

பூனையைப் பொறுத்தவரை இந்தப் பூவில் ஆபத்தில்லாத பாகம் என்று எதுவும் கிடையாது. இலை, தண்டு, இதழ், மகரந்தம், அது நின்ற ஜாடித் தண்ணீர் எல்லாமே சிறுநீரகத்தைத் தாக்கும். ஓர் இலையைக் கொஞ்சம் மென்றாலே போதும். வாயில் வைக்கக்கூட வேண்டாம். பூவை உரசிக்கொண்டு போனால் மகரந்தம் முடியில் ஒட்டும். பூனை சும்மா இருக்குமா, உட்கார்ந்து உடம்பு முழுக்க நக்கும். விஷம் உள்ளே போக அப்படி நக்குவதே போதும். இதே பூவை நாய் தின்றால் வயிற்றைக் கலக்கும், அத்தோடு சரி. பூனைக்கு மட்டும் சிறுநீரகக் குழாய்களின் உட்பூச்சாக இருக்கும் செல்கள் செத்துப் போகின்றன. அதில் உள்ள எந்தப் பொருள் இதைச் செய்கிறது என்று இன்னும் அடையாளம் காணவில்லை. அதனால் மாற்று மருந்தும் கிடையாது.

இதில் மோசமான விஷயம் அது காட்டும் போக்கு. தின்ற சில மணி நேரத்தில் வாந்தி, எச்சில் வடிதல், சாப்பாட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்வது. அப்புறம் வாந்தி நின்றுவிடும். வீட்டில் எல்லோரும் "ஏதோ ஒத்துக்கல, சரியாயிடுச்சு" என்று நிம்மதியாகிவிடுவார்கள். உள்ளே சிறுநீரகம் கெட்டுக்கொண்டிருக்கும். ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் பூனை சுருண்டு படுக்கும், தண்ணீர்க் கிண்ணத்தின் பக்கத்திலேயே கிடக்கும், பிறகு மூத்திரமே நின்றுபோகும். அந்தக் கட்டத்தில் கொண்டு வந்தால் எங்களால் செய்ய முடிவது மிகக் குறைவு. 18 மணி நேரத்துக்குள் நரம்பு வழியாகத் திரவம் ஏற்ற ஆரம்பித்து, இரண்டு மூன்று நாள் விடாமல் ஏற்றினால் பெரும்பாலான பூனைகள் பிழைத்துக்கொள்கின்றன. அதனால் லில்லி விஷயத்தில் "காலையில் பார்க்கலாம்" என்ற பேச்சுக்கே இடமில்லை.

சின்னி தண்ணீரைக் குடித்ததா, குடிக்கப் போனபோது விரட்டினீர்களா என்று கடிதத்தில் தெளிவாக இல்லை. எப்படியானாலும் ஒரு மாதம் ஆகிவிட்டது, சாப்பிட்டு ஓடியாடிக்கொண்டிருக்கிறது என்றால் அந்தக் கண்டம் தாண்டிவிட்டது. ஏழு மாதப் பெண் பூனை, கருத்தடை ஆபரேஷனுக்கும் வயது வந்துவிட்டது. அதற்கு முன்னால் எடுக்கும் ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் யூரியா, கிரியாட்டினின் இரண்டையும் பார்க்கச் சொல்லிவிடுங்கள். தனியாக ஓட வேண்டியதில்லை.

சரி, ஸ்பைடர் லில்லிக்கு வருவோம். லில்லி என்று கூப்பிடப்படும் எல்லாம் சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. உங்கள் வேலியோரச் செடி, மழை வந்த மறுநாள் பூக்கும் ரெயின் லில்லி, தொட்டியில் வளரும் சிவப்பு அமரில்லிஸ் மூன்றும் வேறு குடும்பம். இவற்றின் கிழங்கிலும் இலையிலும் வாந்தியைத் தூண்டும் பொருள் இருக்கிறது. இலை நுனியைக் கடித்தால் நீங்கள் பார்த்த மாதிரி இரண்டு வாந்தியோடு போய்விடும். கிழங்கைத் தோண்டித் தின்றால்தான் ரத்த அழுத்தம் இறங்கும், நடுக்கம் வரும். பீஸ் லில்லி, கலா லில்லி இரண்டும் மணி பிளான்ட், ஆந்தூரியம், டிஃபன்பாக்கியா வகையைச் சேர்ந்தவை. சேப்பங்கிழங்கு நறுக்கினால் கை அரிக்கிறதே, அதே சமாசாரம்தான். ஊசி ஊசியான ஆக்சலேட் படிகங்கள் வாயில் குத்தும், பூனை முகத்தைக் காலால் தேய்த்துக்கொண்டு எச்சில் ஒழுக உட்கார்ந்திருக்கும். வேதனைதான், உயிருக்கு ஆபத்தாவது அபூர்வம். கல்வாழை, தாமரை, அல்லி, சம்பங்கி பற்றியெல்லாம் கவலையே வேண்டாம்.

அசல் லில்லிக்குச் சமமாகச் சிறுநீரகத்தை அடிப்பது இன்னும் ஒன்றுதான், டே லில்லி. ஆரஞ்சு அல்லது மஞ்சள் பூ, ஒரு நாள் விரிந்து மறுநாள் வாடிவிடும், இலை புல் மாதிரி நீளமாக அடியிலிருந்து கிளம்பும். ஊட்டிக்குப் போய்விட்டு வரும்போது பை நிறையக் கிழங்கு வாங்கி வருகிறவர்கள் வீட்டில் இது இருக்கும். பூனை இருக்கும் வீட்டில் அசல் லில்லியும் டே லில்லியும் ஒருபோதும் கூடாது. இந்த இரண்டுக்கு மட்டும் என்னிடம் சமாதானப் பேச்சே கிடையாது. பூங்கொத்து யாராவது கொடுத்தால் வாங்கி, நன்றி சொல்லி, அதிலிருக்கும் லில்லியை வீட்டுக்குள் வருவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். மகரந்தத்தை மட்டும் கிள்ளிவிட்டு வைத்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள், அது போதாது.

இப்போது உங்கள் மாமியாரின் அரளி. அவர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. அரளி இலை தடிப்பு, கசப்பு. வளர்ந்த பூனை அதைத் தேடிப் போய்த் தின்பது அபூர்வம். சென்னை, பெங்களூர் நெடுஞ்சாலையின் நடுவில் நீள நீளமாக அரளிதான், அதன் நிழலில் பூனையும் நாயும் படுத்துத்தான் கிடக்கின்றன. ஆனால் தெருப் பூனையை வைத்துக் கணக்குப் போடுவது சரியில்லை. தெருவில் ஒரு பூனை காணாமல் போனால் ஏன் போனது என்று யார் பார்க்கிறார்கள்? போஸ்ட்மார்ட்டம் யார் செய்கிறார்கள்? அதுவும் போக, தெருப் பூனைக்கு நாளெல்லாம் வேலை இருக்கிறது. எலி, ஓணான், வெட்டுக்கிளி, கடித்துத் துப்ப வரப்போரப் புல். வீட்டுப் பூனைக்கு மூன்று வேளையும் சாப்பாடு தட்டில் வருகிறது, பொழுது போகவில்லை, கண்ணில் பட்டதைக் கடிக்கிறது. ஒரு வயதுக்குள் இருக்கும் குட்டி என்றால் கேட்கவே வேண்டாம்.

அரளியில் இருப்பது இதயத்தை நேரடியாகத் தாக்கும் விஷம். செவ்வரளி, வெள்ளரளி, மஞ்சள் அரளி மூன்றிலும் உண்டு. எருக்கிலும் உண்டு. மொட்டை மாடியில் அடிபெருத்த தொட்டிச் செடியாக இப்போது எல்லோரும் வைக்கிறார்களே, அடீனியம், அதிலும் உண்டு. நாடித் துடிப்பு தாறுமாறாகும், மெதுவாகும், நின்றும் போகும். காய்ந்தால் விஷம் போய்விடும் என்று நினைக்காதீர்கள். காய்ந்த இலையில் கசப்பு குறையும், விஷம் அப்படியே இருக்கும். அதனால் செடியைவிட வெட்டிப் போட்ட கிளையும், அடியில் உதிர்ந்து கிடக்கும் சருகும், பூவை ஊறப்போட்ட பாத்திரத்துத் தண்ணீரும் எனக்குக் கவலை.

முருகனுக்குச் செவ்வாய்க்கிழமை செவ்வரளி வேண்டும் என்கிற வீட்டில் போய் அதை வெட்டு என்று நான் சொன்னால், வெட்டப்படப் போவது பூனைதான், வீட்டை விட்டு. அது எனக்குத் தெரியும். எனவே இப்படிச் செய்யுங்கள். செடி இருக்கட்டும், சின்னி வாசலுக்கு வர வேண்டாம். பின்கட்டோ மாடியோ வலை அடித்து அதன் இடமாக்கிவிடுங்கள். தெரு நாய், வண்டி, வெறிநோய் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தாலும் உள்ளே வளர்ப்பதுதான் நல்லது. அரளியின் அடிக்கிளைகளைக் கழித்து மரமாக ஏற்றிவிடுங்கள். கழித்ததை அன்றைக்கே அப்புறப்படுத்துங்கள், எரிக்க வேண்டாம், அந்தப் புகையும் கெடுதல். பறித்த பூவை மூடி போட்ட கூடையில் வையுங்கள்.

பூஜையறை என்றதும் இன்னொன்று சொல்ல வேண்டும், பூவை விட முக்கியம். பூச்சரம் கட்டிய நூல். படத்திலிருந்து தொங்கும் சரத்தைப் பூனை பாய்ந்து இழுக்கும், மெல்லும், விழுங்கும். பூனையின் நாக்கில் பின்பக்கம் பார்த்த முள் முள்ளான அமைப்பு இருக்கிறது. நூல் வாய்க்குள் போய்விட்டால் துப்ப வராது, உள்ளேதான் போகும். ஒரு முனை நாக்கடியில் மாட்டிக்கொண்டு மறுமுனை குடலுக்குள் இறங்கினால், குடல் சுருக்குப் பை மாதிரி சுருங்கி, நூல் அறுத்துக் கிழித்துவிடும். ஆபரேஷன் இல்லாமல் தீராது. வாயிலோ ஆசனவாயிலோ நூல் நீட்டிக்கொண்டிருந்தால் தயவுசெய்து இழுக்காதீர்கள், கத்தரிக்கவும் வேண்டாம், அப்படியே தூக்கிக்கொண்டு வாருங்கள். சரத்தை எட்டாத உயரத்தில் ஆணியில் மாட்டுங்கள். வாடியதும் நூலோடு குப்பைக்கு, அதுவும் மூடி உள்ள தொட்டிக்கு.

மீதிச் செடிகள். நித்தியகல்யாணியை எடுத்துவிடுங்கள், அல்லது சின்னி போகாத பக்கம் நட்டுவிடுங்கள். புற்றுநோய்க்குக் கொடுக்கும் வின்கிரிஸ்டின் என்ற வீரியமான மருந்து வருவது இந்தச் செடியிலிருந்துதான். மென்மையான இலை, தரையோடு தரையாக வளர்கிறது, பூனை கடிக்க வசதி. சாமந்தி கடித்தால் வாந்தி, பேதி, தோலில் தடிப்பு வரலாம், பெரிதாகப் பயப்பட வேண்டாம். ஆனால் இந்த வகைச் செடியில் உள்ள பூச்சிக்கொல்லிப் பொருளின் செயற்கை வடிவம் ஒன்று இருக்கிறது, பெர்மெத்ரின். நாய்க்கு உண்ணி போக முதுகில் விடும் சில சொட்டு மருந்துகளில் அதைச் செறிவாகச் சேர்த்திருப்பார்கள். "நாய்க்கு வாங்கினதுதானே, பூனைக்கும் கொஞ்சம்" என்று போட்டு, வலிப்போடு பூனையைத் தூக்கி வருகிறவர்கள் உண்டு. அட்டைப்பெட்டியில் நாய்க்கு மட்டும் என்று இருந்தால் அது பூனைக்கு இல்லவே இல்லை.

உங்கள் பட்டியலில் இல்லை, ஆனால் வேலூர்ப் பக்கத்து வாசகர்களுக்காகச் செங்காந்தளையும் சொல்லிவிடுகிறேன். மழைக்காலத்தில் ஏலகிரி, ஜவ்வாது மலைப் பக்கம் வேலிகளில் தீக்கொழுந்து போலப் பூத்திருக்கும். நம் மாநில மலர் என்ற பெருமையில் சிலர் கிழங்கைத் தோண்டி வந்து தொட்டியில் வைக்கிறார்கள். கண்வலிக்கிழங்கு என்று ஊரில் சொல்வது இதைத்தான். அதில் இருக்கும் கோல்ச்சிசின் என்ற விஷம் வயிறு, எலும்பு மஜ்ஜை, ஈரல் என்று எதையும் விடாது. பூனைக்கு மட்டுமல்ல, குழந்தைக்கும் ஆடு மாட்டுக்கும் அதே கதிதான். வீட்டுக்குள் வேண்டாம். அழகுக்கு வாசலில் வைக்கும் சைக்கஸ் பனையும் அப்படித்தான், அதன் கொட்டை ஈரலை அழித்துவிடும். ஊமத்தை தானாக முளைத்திருந்தால் கையுறை போட்டுப் பிடுங்கிவிடுங்கள்.

குண்டுமல்லி, முல்லை, ரோஜா, செம்பருத்தி தாராளமாக இருக்கட்டும். பக்கத்து வீட்டு அக்காவிடம் இதைச் சொல்லுங்கள், எல்லாப் பூவும் விஷம் இல்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: மல்லிக்கு மொட்டுப்புழு வந்தால் மருந்தடிப்பீர்கள். அடித்த நாளிலிருந்து மருந்து டப்பாவில் போட்டிருக்கும் இடைவெளி முடியும்வரை பூனையை அந்தப் பக்கம் விடாதீர்கள். கடையில் வாங்கும் பூவிலும் மருந்து இருக்கலாம், அதைப் பூனையின் கழுத்தில் சுற்றிப் போட்டோ எடுக்க வேண்டாம்.

கடிக்கிற ஆசையை அடக்க முடியாது, திருப்பிவிடலாம். ஓர் அகலத் தட்டில் மண் பரப்பி, கோதுமையோ கம்போ இரண்டு பிடி ஊறவைத்துத் தூவினால் ஒரு வாரத்தில் பச்சைப் பசேல் என்று வந்துவிடும். அருகம்புல்லும் நல்லது, மருந்தடித்த வயலில் பறித்ததாக இருக்கக் கூடாது. நம் ஊர் வெயிலில் ஜன்னலோர நிழலில் வைத்தால்தான் நிற்கும். அவ்வப்போது புதிதாகப் போட வேண்டியிருக்கும். புல் தின்றுவிட்டு எப்போதாவது முடியுருண்டையோடு வாந்தி எடுப்பது சகஜம், அதை விஷம் என்று குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கடைசியாக, தின்றுவிட்டால் என்ன செய்வது. வாயில் மீதி இருந்தால் எடுத்துவிடுங்கள். முடியில் மகரந்தம் ஒட்டியிருந்தால் ஈரத்துணியால் துடைத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, நக்கவிடாமல் துண்டில் சுற்றிக்கொள்ளுங்கள். செடியின் ஒரு துண்டையோ போனில் ஒரு படத்தையோ எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உப்பே பூனையைக் கொன்றுவிடும். பால், மோர், எண்ணெய் எதையும் வாயில் புகட்டாதீர்கள், புரையேறி நுரையீரலுக்குப் போகும். வெங்காயம், பூண்டு சேர்ந்த கை மருந்து எதுவும் கூடாது, அவை பூனையின் ரத்த அணுக்களை உடைக்கும். பாராசிட்டமால் பாதி மாத்திரைகூட ஆகாது. அதை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்குப் போதாது.

முதலில் போன் செய்து "பூனை, லில்லி தின்றிருக்கிறது, நரம்பில் திரவம் ஏற்ற வசதி இருக்கிறதா" என்று கேட்டுவிட்டுப் போங்கள். மாடும் நாயும் அதிகம் பார்க்கும் மருத்துவமனைகளில் பூனைக்கு ஊசி ஏற்றிப் பழகியவர் அந்த நேரத்தில் இருக்கிறாரா என்பது முக்கியம். முதல் நாள் ரத்தப் பரிசோதனையில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று வந்தாலும் வீட்டுக்குக் கூட்டிப் போய்விடாதீர்கள், கிரியாட்டினின் ஏற ஒரு நாள் ஆகும், மறுநாளும் அதற்கடுத்த நாளும் பார்க்க வேண்டும். இரவில் இங்கே யாரும் கிடைக்காவிட்டால் சென்னை வேப்பேரியில் உள்ள சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. காட்பாடியிலிருந்து காரில் மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூண்டு இல்லாமல் மடியில் வைத்துக்கொண்டு கிளம்ப வேண்டாம். பயந்த பூனை வழியில் கதவு திறந்தால் குதித்து ஓடிவிடும். காற்றோட்டமான பிளாஸ்டிக் கூண்டு ஒன்றை இப்போதே வாங்கி, அதில் சின்னியைத் தூங்கப் பழக்கி வையுங்கள்.